கலப்பின விலங்கு கார்டு செட்: படம் அருமை, பின்பக்கம் பாத்து படிங்க

பசங்களுக்காக வாங்குன கார்டு செட் இது. முன்பக்கம் ஒரு கலப்பின விலங்கோட படம், பின்பக்கம் உண்மையா கட்டுக்கதையான்னு கேள்வி, கீழ பதில். அட்டை நல்ல கெட்டி, மூலை மடங்கல, ஈரக்கையோட எடுத்தாலும் மை கலையல. படங்களயும் சும்மா சொல்லக்கூடாது, வரிக்குதிரைக்கும் கழுதைக்கும் பொறந்ததோட கால்ல மட்டும் கோடு தெளிவா இருக்கறத கூட ஒழுங்கா வரைஞ்சிருக்காங்க.

வம்பே பின்பக்கத்துலதான். கோவேறு கழுதை கார்டு பிரமாதம், அப்பா கழுதை அம்மா குதிரை, குதிரைக்கு 64 குரோமோசோம் கழுதைக்கு 62, குட்டிக்கு 63, அதுங்க ஒழுங்கா ஜோடி சேராததால விந்தணுவோ கருமுட்டையோ உருவாகறது தடைபடுதுன்னு சின்னப் பசங்களுக்கும் புரியற மாதிரி எழுதிருக்காங்க. அதோட விட்டிருக்கலாம்ல? "கலப்பினம் எதுவும் குட்டி போடாது"ன்னு ஒரு வரிய எல்லா கார்டுக்கும் அடியில காப்பி பேஸ்ட் பண்ணி வச்சிருக்காங்க. உண்மை எது கட்டுக்கதை எதுன்னு சொல்ற கார்டுலயே இப்படி ஒரு கட்டுக்கதை!

லைகர எடுத்துக்கோங்க, அப்பா சிங்கம் அம்மா புலி. ஆண் லைகர் மலடுதான், ஆனா பெண் லைகர் குட்டி போடும், 2012ல ரஷ்யாவுல நோவோசிபிர்ஸ்க் ஜூல ஒரு பெண் லைகருக்கும் ஆண் சிங்கத்துக்கும் குட்டி பொறந்துச்சு. ஹவாயில 1985ல பொறந்த கேக்காய்மாலு, அதாவது பொய்க் கொலைத்திமிங்கிலத்துக்கும் பாட்டில்மூக்கு டால்ஃபினுக்கும் பொறந்தது, அதுவும் குட்டி போட்டிருக்கு. பனிக்கரடியும் கிரிஸ்லிங்கற பழுப்புக்கரடியும் கலக்கறது ஜூல மட்டும் நடக்கற கூத்துன்னு நெனைக்காதீங்க, கனடாவோட வடக்குல 2006ல சுட்ட ஒரு கரடிய டிஎன்ஏ டெஸ்ட் பண்ணித்தான் கலப்பினம்னு உறுதி பண்ணாங்க, 2010ல சுட்ட இன்னொண்ணுக்கு அம்மாவே கலப்பினம், அப்பா கிரிஸ்லி. கோவேறு கழுதையே கூட ரொம்ப ரொம்ப அரிதா குட்டி போட்டதுக்கு பதிவு இருக்கு. அவ்வளவு ஏன், ஆப்பிரிக்காவுக்கு வெளிய வேர் இருக்கற மனுஷங்க டிஎன்ஏல கிட்டத்தட்ட 2 சதவீதம், அழிஞ்சு போன இன்னொரு மனுஷ இனமான நியாண்டர்தால்கிட்ட இருந்து வந்தது, கலப்பு மொத்தமும் மலடுன்னா அது எப்படி நம்மகிட்ட வந்து சேந்துச்சு?

ஆண் மட்டும் மலடாகி பெண் தப்பிக்கறது ஏன்னு ஒரு கார்டு போட்டிருந்தா பசங்களுக்கு செம்மையா இருந்திருக்கும். ஹால்டேன்ங்கற உயிரியல் விஞ்ஞானி 1922லயே சொன்ன விதி இது, எந்தப் பாலுக்கு ரெண்டு வேற வேற பால் குரோமோசோம் இருக்கோ அதுக்குத்தான் பெரும்பாலும் மொத அடி. பாலூட்டில ஆணுக்கு எக்ஸ் ஒய், அதனால ஆணுக்கு அடி, பறவைல அப்படியே தலைகீழ், அங்க பெண்ணுக்கு.

ஆடும் செம்மறியும் கார்டு இன்னொரு தலைவலி. 1984ல வெளிவந்த அந்தப் பிரபலமான ஆடு செம்மறி, ரெண்டு தனித்தனி கருவ ஆய்வகத்துல ஒண்ணா சேத்து உருவாக்குனது, உடம்புல சில செல் முழுக்க ஆடு, சில செல் முழுக்க செம்மறி. அதுக்கு பேரு கைமீரா, கலப்பினம் இல்ல. கலப்பினம்னா ஒவ்வொரு செல்லுலயும் அப்பா பாதி அம்மா பாதி. இவங்க ரெண்டையும் ஒரே கார்டுல போட்டு குழப்பிட்டாங்க.

காமா, அதாவது ஒட்டகத்துக்கும் லாமாவுக்கும் பொறந்தது, அந்த கார்டுல ஒட்டகமும் லாமாவும் பாலைவனத்துல ஜோடியா நிக்கற படம், பாக்க அழகுதான். ஆனா லாமா தென் அமெரிக்கா, இந்த ஒட்டகம் இந்தப் பக்கம், நேர்ல சந்திக்கவே வழியில்ல, 1998ல துபாய்ல செயற்கை கருவூட்டல்ல பொறந்தது அது.

பூனை முயல் கார்டு ஓகே, கட்டுக்கதைன்னு பளிச்சுன்னு சொல்லிட்டாங்க, வாலில்லாம பொறக்கற மேங்க்ஸ் பூனைங்க தத்தித் தத்தி நடக்கறதப் பாத்து கெளம்புன கதைன்னு ஒரு வரி சேத்திருக்கலாம்.

நான் ரொம்ப எதிர்பாத்த ஆலிவர் கார்டே இல்ல. நிமிர்ந்து நடந்த அந்த சிம்பன்சிய பாதி மனுஷன்னு சொல்லி கூட்டம் சேத்தாங்க, பின்னாடி குரோமோசோம எண்ணிப் பாத்தா 48, முழு சிம்பன்சி. மனுஷனுக்கு 46.

அட்டைக்கும் படத்துக்கும் 5, எழுதுனதுக்கு 2. வாங்குனா மொத வேலையா அந்த அடி வரிய மார்க்கரால அடிச்சிட்டு பசங்க கையில குடுங்க.