சட்டக் கல்லூரியில் சீட் வாங்கித் தருகிறோம் என்பவர்களிடம் பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

நான் வக்கீல் குமாஸ்தா. பதினாலு வருடமாக ஒரே சீனியரிடம் வேலை பார்க்கிறேன். மூன்றாண்டு சட்டப் படிப்பில் சேர்த்துவிடுகிறோம் என்று சொன்ன ஒரு அட்மிஷன் கன்சல்டன்சிக்கு 2023 ஜூன் மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் 1,65,000 ரூபாய் கொடுத்தேன். அதில் 70,000 மட்டும் திரும்பி வந்தது.

பணத்தை வாங்கிக்கொண்டு அவர்கள் ஓடிவிடவில்லை. நிஜமாகவே சீட் வாங்கிக் கொடுத்தார்கள். பக்கத்து மாநிலத்தில் ஒரு கல்லூரி, என் போட்டோ ஒட்டிய அடையாள அட்டை, ஹால் டிக்கெட் எல்லாம் வந்தது. முதல் செமஸ்டர் தேர்வுகூட எழுதினேன். ஆனால் மூன்று வருடமும் படித்து முடித்திருந்தாலும் அந்தப் பட்டத்தை வைத்து நான் வக்கீலாகப் பதிவு செய்திருக்க முடியாது. இது அவர்களுக்கு முதல் நாளே தெரியும். அதனால்தான் எழுதுகிறேன்.

என் படிப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், சிக்கலே அதில்தான் இருக்கிறது. பத்தாம் வகுப்பு முடித்த வருடம் அப்பா தவறிவிட்டார். பிளஸ் ஒன் சேர்ந்து இரண்டே மாதத்தில் நின்றுவிட்டேன். பிறகு வேலையில் இருந்துகொண்டே, திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில், பிளஸ் டூ படிக்காதவர்களுக்கான பவுண்டேஷன் கோர்ஸ் எழுதி, அதன் வழியாக நேரே பி.ஏ. முடித்தேன். பிளஸ் டூ என்ற படியே இல்லை. அந்தப் பட்டம் வந்த அன்று அம்மா அதை சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டுத்தான் என் கையில் கொடுத்தார். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான்தான்.

அப்புறம் ஒருநாள் கோர்ட்டுக்கு எதிரே டீக்கடைச் சுவரில் ஒரு நோட்டீஸைப் பார்த்தேன். "டிகிரி முடித்தவரா? வேலை பார்த்துக்கொண்டே வக்கீல் ஆகலாம். வகுப்புக்குப் போக வேண்டாம்." போன் செய்தேன். ஜெராக்ஸ் கடைக்கு மாடியில் இரண்டு அறை. உள்ளே இருந்தவர் எழுந்து நின்று வரவேற்றார்.

"அண்ணே, கோர்ட்லயே இருக்கீங்க. நீங்க வக்கீல் ஆகாம வேற யாரு ஆகுறது?" என்றார். அந்த வார்த்தையிலேயே நான் பாதி விழுந்துவிட்டேன். பதினாலு வருடம் மற்றவர்களுடைய கேஸ் கட்டைச் சுமந்தவனிடம் எதைச் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

நான் கேட்காமல் இல்லை. "எனக்குப் பிளஸ் டூ கிடையாதே, பரவாயில்லையா?" என்று கேட்டேன். "டிகிரி இருக்குல்லண்ணே? டிகிரி இருந்தா அதுக்குக் கீழ எதையும் யாரும் கேக்க மாட்டாங்க" என்றார். நம்பினேன். அன்றைக்கே 25,000 அட்வான்ஸ். ஒரு ஆளுடைய சொந்த நம்பருக்கு ஜிபேயில் அனுப்பச் சொன்னார்கள், அனுப்பினேன். பத்தாம் வகுப்பு, பவுண்டேஷன், பி.ஏ. என எல்லா ஒரிஜினலையும் வெரிஃபிகேஷனுக்கு என்று வாங்கி வைத்துக்கொண்டார்கள். விண்ணப்பப் படிவத்தில் நாலு இடத்தில் கையெழுத்து மட்டும் வாங்கினார்கள். "மீதியை நாங்க ஃபில் பண்ணிக்கிறோம்" என்றார்கள்.

கொடுத்த ரசீதில் கல்லூரிப் பெயர் இல்லை, ஏதோ ஒரு டிரஸ்ட் பெயர் இருந்தது. அடியில் சின்ன எழுத்தில் 'ஆலோசனைக் கட்டணம், திரும்பத் தரப்படாது' என்று ரப்பர் ஸ்டாம்ப் குத்தியிருந்தது. ஃபைலிங் செக்‌ஷனில் ஒரு தேதி விட்டுப்போனாலும் பேப்பர் ரிட்டர்ன் ஆகிவிடும் என்று ஒவ்வொரு பக்கத்தையும் திருப்பிப் பார்ப்பதுதான் என் தொழில். அந்த ரசீதை நான் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

சீனியரிடம் சொல்லவில்லை. பட்டத்தை வாங்கி அவர் மேஜையில் வைக்க வேண்டும் என்று நினைத்தேன். இதை எழுதும்போதும் அதுதான் மற்ற எல்லாவற்றையும்விட மனதை அறுக்கிறது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே தடுத்திருப்பார்.

தேர்வுக்குக் கல்லூரிக்குப் போனபோதே எனக்கு உறுத்தியது. இரண்டு மாடிக் கட்டடம். வகுப்பறைகளில் பெஞ்ச் மேல் விரலால் பெயர் எழுதும் அளவுக்குத் தூசி. ஆபீஸ் ரூமில் ஒரு பெண் வருகைப் பதிவேட்டை விரித்து வைத்து, ஒரே நீலப் பேனாவில் மேலிருந்து கீழே, ஒவ்வொரு பெயருக்கும் நேரே மாதம் முழுக்க வந்ததாகக் குறித்துக்கொண்டே போனார். அந்தப் பெயர்களில் என் பெயரும் இருந்தது. அதுவரை நான் அந்தக் கட்டடத்துக்குள் காலெடுத்து வைத்ததே இல்லை. பெயரளவில் மட்டும் நடக்கும் இந்த மாதிரி சட்டக் கல்லூரிகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 'லெட்டர் பேட் கல்லூரிகள்' என்று கடுமையாகப் பேசியதை நானே செய்தித்தாளில் படித்திருக்கிறேன். இருந்தும் தேர்வை எழுதிவிட்டுத்தான் திரும்பினேன்.

உடைந்தது 2024 ஆகஸ்ட் முதல் வாரத்தில். ஜூலை 30 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. வக்கீலாகப் பதிவு செய்ய மாநில பார் கவுன்சில்கள் இஷ்டத்துக்குப் பணம் வாங்கக் கூடாது, வழக்கறிஞர் சட்டம் 1961இன் 24ஆவது பிரிவில் உள்ளபடி பொதுப் பிரிவினருக்கு 750 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125 ரூபாய்தான் என்பது தீர்ப்பு. ஆபீஸில் ஜூனியர்கள் அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கோ கன்சல்டன்சியில் வக்கீலாகப் பதிவு செய்து தர 'என்ரோல்மென்ட் பேக்கேஜ்' என்று தனியாக 45,000 சொல்லியிருந்தார்கள். வாய் தவறி, "அப்போ எங்க ஆளு நாப்பத்தஞ்சாயிரம் கேட்டாரே" என்று சொல்லிவிட்டேன்.

சீனியர் படித்துக்கொண்டிருந்த கட்டிலிருந்து தலையை நிமிர்த்தினார். "எந்த ஆளு?"

எல்லாவற்றையும் சொன்னேன். கோபப்படவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார். "உன் பிளஸ் டூ மார்க்‌ஷீட் எங்கப்பா?"

"இல்ல சார். டைரக்டா டிகிரி."

கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, நாடு முழுக்கச் சட்டப் படிப்புக்கு விதி வகுக்கும் பார் கவுன்சில் ஆஃப் இந்தியாவின் 2008ஆம் ஆண்டு சட்டக் கல்வி விதிகளை எடுத்து என்னையே படிக்கச் சொன்னார். 5ஆவது விதி. தொலைதூரக் கல்வியில் பிளஸ் டூவோ பட்டமோ வாங்கியிருந்தால் தடையில்லை. ஆனால் அடிப்படைத் தகுதி இல்லாமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாகப் பட்டம் வாங்கியவர்கள் சட்டப் படிப்பில் சேரத் தகுதியில்லை என்று அதன் விளக்கக் குறிப்பில் இருக்கிறது. என்னை நேருக்கு நேர் பார்த்து எழுதியது போல இருந்தது. "சீட்டு கிடைக்கிறது வேற, கோட்டு போடுறது வேற. என்ரோல்மென்ட் அப்போ பத்தாவதுல இருந்து வரிசையா எல்லா சர்டிஃபிகேட்டையும் பாப்பாங்க. அங்க நீ மாட்டியிருப்ப" என்றார். மனு நிலைநிற்கத்தக்கதா என்று கேட்டு கோர்ட் எத்தனையோ பேப்பரைத் திருப்பி அனுப்பி நான் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு என் பட்டமே அப்படித் திரும்பி வந்தது போல இருந்தது.

மாடிக்குப் போய் சர்டிஃபிகேட்டைக் கேட்டபோது அந்த 'அண்ணே' போய்விட்டது. "மூணு வருஷ ஃபீஸையும் கட்டுங்க சார், அப்பத்தான் ஒரிஜினல்" என்றார்கள். இது பலருக்கு நடக்கிறது, அதனால் அழுத்திச் சொல்கிறேன். ஒரிஜினல் சான்றிதழைப் பிடித்து வைக்கக் கல்லூரிக்கே உரிமை கிடையாது. பல்கலைக்கழக மானியக் குழு 2018 அக்டோபரிலேயே இதைத் தெளிவாக அறிவித்திருக்கிறது. கல்லூரியே வைக்கக் கூடாது என்னும்போது நடுவில் இருக்கிற ஏஜென்ட்டுக்கு ஏது உரிமை?

சீனியர் வக்கீல் நோட்டீஸ் சொல்லச் சொல்ல, வழக்கம்போல நான்தான் டைப் அடித்தேன். 'எமது கட்சிக்காரர்' என்று வரும் இடத்தில் என் பெயரை நானே அடிக்க வேண்டியிருந்தது. கை நின்றுவிட்டது. "அடிப்பா" என்றார், அவ்வளவுதான்.

நோட்டீஸுக்குப் பதில் வரவில்லை. போலீஸில் புகார் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீது வாங்கினோம். நடந்தது புதுத் தண்டனைச் சட்டம் வருவதற்கு முன் என்பதால் பழைய சட்டத்தின் மோசடிப் பிரிவான 420தான், புதுச் சட்டத்தின் 318 இதற்கு வராது. ஸ்டேஷனிலிருந்து கூப்பிட்டதும் என் சான்றிதழ்கள் இருந்த ஃபைலைக் கொடுத்துவிட்டு, இரண்டு தவணையாக 70,000 கொடுத்தார்கள். மீதியெல்லாம் கல்லூரிக்குக் கட்டியாகிவிட்டது என்றார்கள். கல்லூரியில் கேட்டால் அவ்வளவு வரவில்லை என்கிறார்கள். அது இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறது.

அந்த ஃபைலுக்குள்ளே என் விண்ணப்பத்தின் நகல் இருந்தது. நான் வெறுமையாக விட்ட பிளஸ் டூ கட்டத்தில் வேறு யாருடைய கையெழுத்திலோ 'சமமான தகுதி' என்று எழுதி, பக்கத்தில் என் பவுண்டேஷன் கோர்ஸ் பதிவெண்ணைப் போட்டிருந்தார்கள். அவர்களுக்குத் தெரியாமல் நடந்தது என்று இனி யாரும் சொல்ல முடியாது. கீழே இருந்தது என் கையெழுத்து. நாளைக்கு இதைத் தோண்டினால் பொய்த் தகவல் கொடுத்தவன் என்று நிற்பது நான்தான், அவர்கள் இல்லை. நிரப்பாத படிவத்தில் தயவுசெய்து கையெழுத்துப் போடாதீர்கள்.

தமிழ்நாட்டில் சட்டம் படிக்க நினைப்பவர்களுக்கு இதையும் சொல்லிவிடுகிறேன். அரசு சட்டக் கல்லூரிகளில் சேர நடுவில் ஆளே தேவையில்லை. தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம். ஐந்தாண்டுப் படிப்புக்குப் பிளஸ் டூ மதிப்பெண், மூன்றாண்டுப் படிப்புக்குப் பட்டப் படிப்பு மதிப்பெண், அதை வைத்துத் தரவரிசை, பிறகு கலந்தாய்வு. நுழைவுத் தேர்வு கிடையாது. திருச்சியில் இருக்கும் தமிழ்நாடு தேசிய சட்டப் பல்கலைக்கழகம் வேறு, அதற்கு கிளாட் என்ற தேசிய அளவிலான நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். கிளாட் இல்லாமல் அங்கே இடம் வாங்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள்.

தகுதி மதிப்பெண்ணுக்கும் பார் கவுன்சில் விதி இருக்கிறது. பொதுப் பிரிவுக்கு 45 சதவீதம், ஓபிசிக்கு 42, எஸ்சி எஸ்டிக்கு 40. இதற்குக் கீழே இருந்தாலும் பார்த்துக்கொள்ளலாம் என்பவர்களும் என்னை ஏமாற்றியவர் மாதிரி ஆட்கள்தான். தபால் வழியில் படித்த எல்எல்பி என்ரோல்மென்ட்டுக்கு உதவாது.

வகுப்புக்குப் போக வேண்டாம் என்பதுதான் என் போன்ற வேலைக்காரர்களை இழுக்கிற பெரிய ஆசை. விதிப்படி 70 சதவீத வருகை வேண்டும். 2024 செப்டம்பரில் பார் கவுன்சில் எல்லாச் சட்டக் கல்லூரிகளுக்கும் சுற்றறிக்கை அனுப்பி, பயோமெட்ரிக் வருகைப் பதிவும் சிசிடிவியும் வைக்கச் சொன்னது. படிக்கும்போதே வேலையில் இருந்தால் அதை மாணவர் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறது. அந்த நீலப் பேனா எத்தனை நாளைக்குச் செல்லும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

வேறு மாநிலக் கல்லூரி என்றால் பெயரைக் கேட்டு வாங்கி, பார் கவுன்சில் ஆஃப் இந்தியாவின் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா, எந்தக் கல்வியாண்டு வரைக்கும் அனுமதி என்று பாருங்கள். எனக்குக் கல்லூரிப் பெயரையே பணம் கட்டி மூன்று வாரம் கழித்துத்தான் சொன்னார்கள்.

இப்போது நான் முதலிலிருந்து தொடங்கியிருக்கிறேன். 2025 மார்ச்சில் தனித்தேர்வராகப் பிளஸ் ஒன் எழுதினேன். ஹாலில் என்னைச் சுற்றி என் அண்ணன் மகள் வயதுப் பிள்ளைகள். அடுத்து பிளஸ் டூ, அதற்குப் பிறகு வரிசைப்படி ஒரு பட்டம், பிறகுதான் சட்டம். கணக்குப் போட்டால் ஏழு வருடத்துக்கு மேல் ஆகும்.

போன வாரம் கட்சிக்காரர் ஒருவருடைய மகன், பி.காம். முடித்த பையன், ஆபீஸ் வாசலில் ஒரு நோட்டீஸை வைத்துப் படித்துக்கொண்டு நின்றான். அதே மாடி, அதே போன் நம்பர், டிரஸ்ட் பெயர் மட்டும் மாறியிருந்தது. "தம்பி, ஒரிஜினல் எதையாவது கொடுத்துட்டியா?" என்று கேட்டேன். "இல்லண்ணே, நாளைக்குக் கொண்டு வரச் சொல்லியிருக்காங்க" என்றான். உட்கார வைத்து என் ஃபைலை எடுத்து அந்தப் பிளஸ் டூ கட்டத்தைக் காட்டினேன்.