மின்வாரியத்தை விற்பதா, திருத்துவதா? ஒடிசா, டெல்லி, குஜராத் கணக்கு

மின்வாரியம் நஷ்டத்தில் ஓடுகிறது என்று பேச்செடுத்தால், தனியாரிடம் கொடுத்துவிடலாம் என்பார் ஒருவர். கொடுத்தால் கட்டணம் எகிறும் என்பார் இன்னொருவர். இரண்டு பக்கத்துக்கும் இந்தியாவிலேயே அனுபவம் இருக்கிறது.

முதலில் விற்றது ஒடிசா. 1996இல் வாரியத்தைப் பிரித்து, 1999இல் நான்கு விநியோக நிறுவனங்களைத் தனியாருக்குக் கொடுத்தது. மூன்று மும்பையின் பி.எஸ்.இ.எஸ். நிறுவனத்துக்கு, ஒன்று அமெரிக்காவின் ஏ.இ.எஸ்.ஸுக்கு. வாங்கும் மின்சாரத்தில் எவ்வளவுக்குக் காசு வராமல் போகிறது என்று ஏட்டில் இருந்த இழப்புக் கணக்கு உண்மையைவிடக் குறைவு. அந்த ஏட்டை நம்பித்தான் விற்பனை நடந்தது. அதே ஆண்டு அக்டோபரில் பெரும்புயல் வந்து கம்பங்களையும் சாய்த்துவிட்டது. 2001இல் ஏ.இ.எஸ். கிளம்பிப் போனது, மற்ற மூன்றின் உரிமத்தை 2015இல் ஒழுங்குமுறை ஆணையம் ரத்து செய்தது. 2020-21இல் நான்கும் டாடா பவர் கைக்கு வந்தன.

2002இல் டெல்லி அந்தப் பாடத்தைப் படித்துவிட்டு இறங்கியது. சொத்துக்கு யார் அதிக விலை தருகிறார் என்று பார்க்காமல், ஐந்து ஆண்டுகளில் இழப்பை யார் அதிகம் குறைப்பார் என்று கேட்டது. இடைக்காலத்தைச் சமாளிக்க அரசு 3,450 கோடி ரூபாய் கடனும் கொடுத்தது. பாதிக்கு மேல் இருந்த இழப்பு, வடக்கு டெல்லியில் பத்து சதவீதத்துக்கும் கீழே வந்தது. பெரிய சாதனைதான். ஆனால் செலவுக்கு ஏற்பக் கட்டணத்தை உயர்த்தாமல் ‘பிறகு வசூலிக்கலாம்’ என்று எழுதிவைத்த நிலுவை 27,000 கோடியைத் தாண்டியது; வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2025இல் தீர்ப்பும் வந்தது. அந்த நிலுவை நுகர்வோர் தலையில்தான் விழும்.

சொத்தை அரசே வைத்துக்கொண்டு ஓட்டுவதை மட்டும் குத்தகைக்கு விடும் வழியும் உண்டு. மகாராஷ்டிராவில் விசைத்தறி ஊரான பிவண்டியில் 2007 முதல் டோரன்ட் என்ற தனியார் நிறுவனம் அப்படித்தான் நடத்துகிறது. இழப்பு நன்றாகவே குறைந்தது. நகரத்துக்கு அது பொருந்தும். பம்புசெட் நிறைந்த கிராமத்துக்குப் பொருந்துமா என்பது எனக்குச் சந்தேகம்.

என் ஓட்டு குஜராத்துக்கு. கிராமத்து விநியோகம் அங்கே அரசு கையிலேயே இருக்கிறது. 2003இல் தொடங்கிய ஜோதிகிராம் திட்டத்தில் வயலுக்கு ஒரு ஃபீடர் (துணைமின் நிலையத்திலிருந்து கிளம்பும் லைன்), வீட்டுக்கு ஒரு ஃபீடர் என்று லைனையே பிரித்தார்கள். வீட்டுக்கு 24 மணி நேரமும் மும்முனை மின்சாரம், வயலுக்கு நேரம் குறித்து 8 மணி நேரம். அதற்கு முன்பு ஒரே லைன்தான். மும்முனையில் ஓடும் பம்பு மோட்டாரை நிறுத்த வேண்டுமென்றால் ஊருக்கே ஒருமுனை மின்சாரம் கொடுப்பார்கள். விவசாயி ‘தோட்டா’ என்ற கருவியை மாட்டி அதிலேயே மோட்டாரை ஓட்டிவிடுவார். நம் ஊரில் டூ பேஸில் கண்டன்சர் போடுவதே தான். மோட்டார் உறுமிக்கொண்டே சூடாகும், டிரான்ஸ்பார்மரில் பியூஸ் போகும், தெரு முழுக்க விளக்கு மங்கும்.

லைன் பிரிந்ததும் கணக்கும் பிரிந்தது. மீட்டர் இல்லாத பம்புசெட்தான் எல்லாத் திருட்டுக்கும் போர்வை: காணாமல் போன யூனிட்டையெல்லாம் விவசாயம் என்று எழுதிவிடலாம். வயலுக்குத் தனி ஃபீடர் வந்தபின் அந்தப் போர்வைக்கு இடமில்லை. இன்னொன்றும் செய்தார்கள். விவசாயம் மிகுந்த சௌராஷ்டிரப் பக்கத்து நிறுவனத்துக்கு மின்சாரத்தை மலிவாகவும், ஆலைகள் நிறைந்த தெற்கு குஜராத்துக்குக் கூடுதல் விலைக்கும் கொடுத்தார்கள். நஷ்டத்தில் இருந்த வாரியம், பிரித்து அமைத்தபின் சில ஆண்டுகளில் லாபம் பார்த்தது.

அடிபட்டவர்களும் உண்டு. பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரை விலைக்கு வாங்கிப் பயிர் செய்த, சொந்த நிலமில்லாத குத்தகைதாரர்களுக்கு, 8 மணி நேரக் கட்டுப்பாட்டில் தண்ணீர் கிடைப்பது அரிதானது. அவர்களுக்கென்று அந்தத் திட்டத்தில் எதுவும் இல்லை.

இருந்தும் தமிழ்நாட்டுக்கு இந்த வழியைத்தான் சொல்வேன். மின்கட்டண உயர்வை எதிர்த்த விவசாயிகள் 1970இல் பெருமாநல்லூரில் சுடப்பட்டு இறந்த மண் இது. பம்புசெட்டுக்கு மீட்டர் என்றால் அடுத்தது கட்டணம் என்ற அச்சம் இன்னும் போகவில்லை. ஃபீடரைப் பிரித்தால் யார் தோட்டத்துக்குள்ளும் மீட்டரோடு போக வேண்டியதில்லை. துணைமின் நிலையத்தில் அந்த லைன் கிளம்பும் இடத்தில் ஒரே ஒரு மீட்டர் போதும்.