இளகிய தரைக்கும் சரியும் மண்ணுக்கும்: ஜியோசெல்லா, வேறு வழியா?

ஜியோசெல் (விரித்து உள்ளே மண் நிரப்பும் பிளாஸ்டிக் அறைகள்) போடலாமா என்று யோசிக்கும் முன் பார்க்க வேண்டியது, மண் எந்த ஆழத்தில் தோற்கிறது என்பதைத்தான். மேலே ஓரடிக்குள் என்றால் ஜியோசெல் அருமையான பொருள். பத்தடிக்குக் கீழே என்றால் அதைவிட வீண் செலவு வேறில்லை. தரைக்கும் இதே கணக்கு, சரிவுக்கும் இதே கணக்கு.

ஒன்றேகால் முதல் ஒன்றரை மி.மீ. தடிமனுள்ள எச்டிபிஇ என்னும் கெட்டிப் பிளாஸ்டிக் பட்டைகளை இடைவெளி விட்டு மீயொலியால் ஒட்டி, மடித்த கட்டாக அனுப்புவார்கள். இழுத்து விரித்தால் தேன்கூடு மாதிரி அறைகள். உயரம் 7.5, 10, 15, 20 செ.மீ. என்று கிடைக்கும். 1970-களின் பிற்பகுதியில் அமெரிக்க ராணுவப் பொறியாளர் படையின் விக்ஸ்பர்க் ஆய்வு நிலையம், கடற்கரை மணலில் கனரக வண்டிகளை ஓட்ட வழி தேடியபோது உருவானது இது. சக்கரம் ஏறினால் மணல் பக்கவாட்டில் ஒதுங்கித்தான் புதையும். அறைச்சுவர் அந்த ஒதுங்கலைத் தடுக்கிறது, பக்கத்து அறை திருப்பித் தள்ளுகிறது, மொத்த அடுக்கும் ஒரே பலகையாகப் பாரத்தைப் பரப்புகிறது. நல்ல ஜல்லி கிடைக்காமல் மணல் மட்டும் கிடைக்கும் இடத்தில்தான் இதன் முழு மதிப்பும் தெரியும்.

இளகிய தரை

நாகப்பட்டினம், திருவாரூர் பக்கம் இதற்குப் பொருத்தமான இடம். வண்டல் களிமண். ஜல்லி வேண்டுமென்றால் திருச்சி, புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து லாரியில் வர வேண்டும். டிராக்டரும் எப்போதாவது லாரியும் போகும், 3.75 மீட்டர் அகலமுள்ள பண்ணைப் பாதை ஒன்றில் 100 மீட்டரை எடுத்துக்கொள்வோம்.

களிமண்ணை 60 செ.மீ. தோண்டி எடுத்துவிட்டு கிராவல் நிரப்புவது பழைய வழி. இறுகிய அளவில் 225 கன மீட்டர். ரோலர் ஓடினால் அமுங்கும் என்பதால் கால் பங்கு கூடுதலாக, ஏறக்குறைய 100 யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி) இறக்க வேண்டும். தோண்டிய ஈரக் களிமண்ணைக் கொட்டவும் இடம் தேட வேண்டும். அதே பாதையில் 15 செ.மீ. ஜியோசெல்லும் மேலே 5 செ.மீ. மூடு அடுக்கும் போட்டால் இறுகிய அளவில் 75 கன மீட்டர், கால் பங்கு கூடுதலோடு சுமார் 33 யூனிட் போதும். ஜியோசெல்லின் விலையை இந்த 67 யூனிட்டின் லாரி வாடகையோடு வைத்துப் பாருங்கள். குவாரி பத்து கிலோமீட்டருக்குள் இருந்தால் பெரும்பாலும் பழைய வழியே மலிவு. தூரம் கூடக் கூட ஜியோசெல் பக்கம் தராசு சாயும்.

ஜியோகிரிட் என்னும் தட்டையான பிளாஸ்டிக் கண்ணி வலை ஜியோசெல்லைவிட விலை குறைவு, விரிப்பதும் சுலபம். ஆனால் அதன் வேலை ஜல்லி கண்ணியில் மாட்டிக்கொள்வதில் இருக்கிறது. மணலும் குவாரி டஸ்ட்டும் கண்ணி வழியே நழுவிவிடும். நல்ல உடைகல் ஜல்லி கையில் இருந்து, மேலே குறைந்தது 15 செ.மீ. போட முடியுமானால் ஜியோகிரிட்டே போதும். அங்கே ஜியோசெல் போடுவது தேவையில்லாத செலவு.

கரிசல் மண்ணின் கதை தனி. அதன் நோய் பலவீனம் மட்டுமல்ல, மழையில் வீங்கி வெயிலில் சுருங்குவதும் சேர்ந்தது. வீக்கத்தை ஜியோசெல் நிறுத்தாது. மண்ணின் உலர் எடையில் 3 முதல் 6 சதவீதம் சுண்ணாம்பு கலந்து இறுக்குவதுதான் அதற்கு மருந்து. மண்ணில் சல்ஃபேட் அதிகமிருந்தால் சுண்ணாம்பே வீக்கத்தைக் கிளப்பிவிடும் என்பதால், கலக்கும் முன் ஆய்வகத்தில் பார்த்தே ஆக வேண்டும்.

தரை எவ்வளவு இளகல் என்பதை டிசிபி, அதாவது சுத்தியால் அடித்துக் கூம்பை மண்ணில் இறக்கிப் பார்க்கும் கருவியே சொல்லிவிடும். 8 கிலோ சுத்தி, 57.5 செ.மீ. உயரத்திலிருந்து விழும். சுத்தி ஒரு முறை அடித்ததும் கூம்பு 8 செ.மீ.க்கு மேல் இறங்கினால் சிபிஆர் (தரையின் தாங்குதிறன் சதவீதம்) 2 அளவுதான். அப்படிப்பட்ட தரையில் ஜியோசெல்லுக்கு அடியில் நெய்யாத ஜியோடெக்ஸ்டைல் துணி கட்டாயம். துணி இல்லாவிட்டால், வண்டி ஏறும் ஒவ்வொரு முறையும் சேறு அறைக்குள் பிதுங்கும். இரண்டு மழைக்காலத்தில் உள்ளே இருப்பது மணலா சேறா என்றே தெரியாது.

விரிக்கும்போது செய்யும் தவறுகள்தான் பின்னால் குழியாக வரும். ஜியோசெல் கட்டினை முழு அளவுக்கு இழுத்து, ஓரங்களில் கம்பி அடித்து நிறுத்த வேண்டும். அரைகுறையாக விரிந்த அறை நீளவாட்டில் ஒடுங்கிப்போய், மூலையில் மணல் இறங்காமல் பொந்து விழும். பக்கத்துக் கட்டோடு ஸ்டேப்பிளோ டையோ போட்டு இணைக்க வேண்டும். நிரப்பும் பொருளில் களி கலந்த தூள் பத்து சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஜேசிபி வாளியை ஒரு மீட்டருக்கு மேல் தூக்கிக் கொட்டினால் சுவர் மடங்கும். அறையின் வாய்க்கு மேல் 5 செ.மீ. கூடுதலாக நிரப்பிய பிறகுதான் ரோலர். நிரம்பாத அறைமேல் எந்தச் சக்கரமும் ஏறக் கூடாது. மூடு அடுக்கு தேய்ந்து சுவர் விளிம்பு வெளியே தெரிந்தால், அன்றே மண் போட வேண்டும். விட்டால் டயர் விளிம்பைக் கிழித்துக்கொண்டே போகும்.

சரிவு

மலைப்பகுதியில் ஒப்பீடே மாறுகிறது. நீலகிரியில் அவலாஞ்சி 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கும் மேல் மழை பார்த்தது. அப்படிப் பெய்யும்போது சரிவு இரண்டு விதமாகக் கெடும். ஒன்று, மேல்மண் சிறு சிறு ஓடையாக அரித்துப் போவது. மற்றொன்று, உள்ளே தண்ணீர் ஏறி மொத்த மண்ணும் ஆழத்திலிருந்து பெயர்வது. முகட்டில் பிளவு, சாய்ந்த மரம், அடிவாரத்தில் பிதுக்கம் தென்பட்டால் இரண்டாவது வகை. அங்கே ஜியோசெல் விரிப்பது ஆபத்தையே மறைத்து வைப்பதாகும். துளையிட்டுக் கம்பி இறக்கி சிமென்ட் கூழ் செலுத்தும் மண் ஆணி, அடிவாரத்தில் கேபியன் (கல் அடைத்த கம்பிவலைப் பெட்டி) சுவர், உள்நீரை வெளியேற்றும் குழாய் என்று பொறியாளர் கணக்குப் போட்டுச் செய்ய வேண்டிய வேலை அது. கேபியன் தன் எடையால் நிற்பது. நீரை விட்டுவிடும் என்பது அதன் பெரிய பலம். ஆனால் அடித்தளம் இளகலாக இருந்தால் அதுவே சாயும்.

மேல்மண் அரிப்புக்கு முதலில் பார்க்க வேண்டியது தென்னைநார் வலையும் வெட்டிவேரும்தான். பொள்ளாச்சிப் பக்கமே கிடைக்கும் நார் வலை இரண்டு மூன்று ஆண்டில் மக்கிவிடும். அதற்குள் வேர் பிடித்துவிட்டால் வலை மக்குவதில் நட்டமில்லை. வெட்டிவேர் நாற்றை 10 முதல் 15 செ.மீ. இடைவெளியில் சம உயரக் கோட்டில் நட வேண்டும். வேர் நேராக 2, 3 மீட்டர் இறங்கும். நிழலில் சோம்பும், ஊட்டி உறைபனியில் வளர்ச்சி நின்றுபோகும். மழைக்கு மூன்று நான்கு மாதம் முன்பே நட்டிருக்க வேண்டும்.

செடி ஊன்ற மேல்மண்ணே இல்லாத வெட்டுச் சரிவு, வலை மட்டும் போட்டால் மண் நிற்காத அளவு சாய்ந்த இடம், இங்கேதான் ஜியோசெல் தன் விலைக்கு வேலை செய்யும். 45 பாகைக்கு மேல் சரிவு போனால் இதைத் தனியாக நம்பக் கூடாது. 7.5 அல்லது 10 செ.மீ. உயரம் போதும். சுவரில் துளை போட்ட வகையாகவே வாங்குங்கள். துளையில்லாத அறையில் தண்ணீர் தேங்கும், எடை ஏறும், வேரும் பக்கத்து அறைக்குப் போக முடியாது.

சரிவை முதலில் மட்டம் பார்த்துச் சீவ வேண்டும். பலர் அவசரத்தில் விட்டுவிடுவது இதைத்தான். மேடு பள்ளத்தின்மேல் விரித்த ஜியோசெல்லின் அடிவிளிம்பு அந்தரத்தில் நிற்கும். மழைநீர் அந்த இடுக்கில் புகுந்து அடியிலேயே வாய்க்கால் வெட்டும். மேலே புல் பச்சையாக இருக்கும், கீழே பொந்து பெரிதாகிக்கொண்டிருக்கும். முகட்டில் அரை மீட்டர் ஆழத்துக்குக் குழி வெட்டி, விளிம்பை அதில் புதைத்து மண்ணிட்டு இறுக்க வேண்டும். சரிவில் 12 மி.மீ. முறுக்குக் கம்பியைத் தலை வளைத்து, 50 முதல் 75 செ.மீ. நீளத்தில் அடிக்க வேண்டும். இடைவெளி சரிவையும் மண்ணையும் பொறுத்தது. அடியில் நீர்புகாத் தாள் இருந்து கம்பி அடிக்க முடியாவிட்டால், அறைகளின் துளை வழியே பாலியஸ்டர் கயிறு கோத்து முகட்டில் கட்டுவார்கள். மண்ணை முகட்டிலிருந்து கீழ்நோக்கி நிரப்ப வேண்டும். கீழிருந்து நிரப்பினால் கட்டு இழுபட்டுக் கோணும். நிரப்பிய மண்ணின்மேல் விதையும் மெல்லிய நார் வலையும் அன்றே போட்டுவிட வேண்டும். ஜியோசெல்லும் நார் வலையும் சேர்ந்தே போனால்தான் முதல் மழை தாங்கும்.

வாங்கும்போது கிலோ விலையைவிட ஒட்டின் பலத்தைக் கேளுங்கள். 10 செ.மீ. உயர ஒட்டுக்கு 1,420 நியூட்டன் உரிப்பு பலம் என்பது நல்ல தயாரிப்புகளின் விவரத் தாள்களில் வழக்கமாகக் காணும் அளவு. அதே அகல ஒட்டில் 72.5 கிலோ எடையை 30 நாள் தொங்கவிடும் சோதனைச் சான்றையும் கேளுங்கள். தராத கடையில் வாங்க வேண்டாம். பட்டை தடிமனாகவே இருந்தாலும் ஒட்டு விட்டால் அறை இல்லை. முதல் வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் சரிவில் ஏறிப் பாருங்கள். மண் 3 செ.மீ.க்கு மேல் இறங்கிய அறைகளை அப்போதே நிரப்பி, புல் பிடிக்காத இடத்தில் மறுபடி விதையிடுங்கள். ஒரே வரிசையில் பல அறைகள் இறங்கியிருந்தால் அடியில் தண்ணீர் ஓடுகிறது என்று பொருள். அந்த வரிசையின் தலைப்பில் முகட்டு வடிகாலைத் தேடுங்கள். பெரும்பாலும் அது அடைத்தோ உடைந்தோ கிடக்கும்.