கைத்துணிக்குக் குரோஷாத் தலை: மூன்று வருட அனுபவம்

எங்கள் வீட்டில் சமையலறைக் கைத்துணி எங்கே இருக்கிறது என்று கேட்டால், கடைசியாக யார் கை துடைத்தார்களோ அவர் தோளில் இருக்கும். இல்லாவிட்டால் டிவி ரிமோட் பக்கத்தில். தோசை திருப்பும் நேரத்தில் அதைத் தேடி ஹாலுக்கு ஓடிய காலம் ஒன்று உண்டு.

2022 தீபாவளிக்கு டல்லாஸிலிருந்து வந்த நாத்தனார் ஒரு துண்டு கொண்டுவந்தார். பாதியாக வெட்டிய டர்க்கி டவல். வெட்டிய பக்கத்தில் குரோஷா (கொக்கி ஊசியால் போடும் நூல் பின்னல்) போட்டுக் குறுக்கிக்கொண்டே போய், உச்சியில் ஒரு பட்டை, அதில் ஒரு பட்டன். இந்தப் பின்னல் பகுதியைத்தான் தலை என்கிறேன். அங்கே ஓவன் கதவின் கம்பியில் பட்டையைச் சுற்றிப் பட்டன் போட்டுவிடுவார்களாம். யார் இழுத்தாலும் துண்டு கையோடு வராது. நம் வீட்டில் அந்த மாதிரி ஓவன் இல்லை. ஃப்ரிட்ஜ் கைப்பிடி இருக்கிறதே! மாட்டினேன். அத்தை பார்த்துவிட்டு, "ஏனம்மிணி, கைத்துணிக்கெல்லாம் எதுக்குச் சட்டை?" என்றார். ஒரு வாரம் கழித்து, "இன்னொண்ணு இருந்தா சிங்க் பக்கம் மாட்டலாமே" என்றதும் அவர்தான்.

அப்படி ஆரம்பித்தது. இதுவரை ஒன்பது போட்டிருக்கிறேன். நான்கு ஓடிக்கொண்டிருக்கின்றன. மூன்று கிழிந்தன, ஒன்று உருகியது, ஒன்றைத் தங்கை எடுத்துப் போய்விட்டாள்.

உருகியதை முதலில் சொல்லிவிடுகிறேன். வீட்டில் ஸ்வெட்டர் பின்னி மிஞ்சிய அக்ரிலிக் நூல் கிடந்தது. பளபளவென்று நல்ல நிறம், சும்மாதானே இருக்கிறது என்று அதிலேயே தலை போட்டேன். ஒருநாள் வடைச்சட்டியை இறக்கக் கைக்குக் கிடைத்தது அந்தத் துணி. துண்டுப் பக்கம் என்று நினைத்துப் பிடித்தது குரோஷாப் பக்கம். சட்டியின் காதில் நூல் இளகி, சூயிங்கம் மாதிரி ஒட்டிக்கொண்டது. கை தப்பியது. சட்டிக் காதைக் கத்தியால் சுரண்டி எடுக்க அரை மணி நேரம் ஆனது. அக்ரிலிக் சூட்டில் இளகும், ஈரத்தையும் உறிஞ்சாது. சமையலறைக்குப் பருத்தி நூல்தான். அதுவும் அடுப்பிலிருந்து கை நீட்டினால் எட்டாத தூரத்தில் மாட்ட வேண்டும். பருத்தி உருகாது, ஆனால் தீப்பிடிக்கும்.

இனி மூன்று கிழிந்த கதை. இந்த வேலையில் சாமர்த்தியம் முழுக்கத் துணியும் பின்னலும் சேரும் இடத்தில்தான். முதல் இரண்டில், லேஸ் போடும் மெல்லிய எஃகு ஊசியால் துணியைக் குத்திக் குத்தி நூலை இழுத்தேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. துளைகள் எல்லாம் ஒரே இழை வரிசையில் விழுந்திருந்தன. தபால்தலைத் தாளில் கிழிப்பதற்கென்றே வரிசையாகத் துளை இருக்குமே, அதேதான். ஈரத் துண்டு கனக்கும், கை துடைப்பவர்கள் கீழே பார்த்து இழுப்பார்கள். ஆறாவது மாதம் இடது ஓரத்தில் இரண்டு விரல் நுழையும் அளவுக்குப் பிளந்தது. அடுத்த மாதம் தலை ஃப்ரிட்ஜில், துண்டு தரையில். மூன்றாவதில் ஓரத்தை மடிக்காமலே பின்னியதால் இழை பிரிந்து போனது.

நான்காவதிலிருந்து இப்படிச் செய்கிறேன். வெட்டிய ஓரத்தை இரண்டு மடிப்பாக மடித்து, மெஷினில் இரண்டு ஓட்டம் தைத்துவிடுவேன். அப்புறம் பெரிய கண் உள்ள தையல் ஊசியில் அதே பருத்தி நூலைக் கோத்து, மடிப்புக்குக் கீழே குத்தி பிளாங்கெட் தையல், அதாவது கம்பளி ஓரத்தில் போடுகிற மாதிரி ஓரத்தைச் சுற்றிப் பிடிக்கும் தையல். சுமார் ஒரு சென்டிமீட்டருக்கு ஒன்று. ஒரு குத்து மேலே, அடுத்தது கொஞ்சம் கீழே என்று மாற்றி மாற்றிப் போட்டால் துளைகள் ஒரே இழையில் வராது. குரோஷா ஊசி துணிக்குள் நுழைவதே இல்லை, அந்தத் தையல் நூலில்தான் பின்னல் தொடங்குகிறது. இப்படிப் போட்டதில் இன்றுவரை ஒன்றுகூடக் கிழியவில்லை.

பின்னல் பெரிய வித்தை இல்லை. 44 தையல் இருந்தால் முதல் வரிசையில் 44 சிங்கிள் (குட்டைக் கண்), அடுத்ததில் இரண்டிரண்டாகச் சேர்த்து 22, ஒரு வரிசை விட்டு 11, அப்புறம் ஓரங்களில் குறைத்து 7. அந்த ஏழிலேயே ஒரு சாண் நீளத்துக்குப் பட்டை. நான்கு இழைப் பருத்தி நூலை இரட்டையாகப் பிடித்து, 4 மி.மீ. ஊசியில் போடுகிறேன். ஒரு எச்சரிக்கை. அமெரிக்கர்கள் சிங்கிள் என்பதை பிரிட்டிஷ்காரர்கள் டபுள் என்பார்கள். நான் கற்றது அமெரிக்க வீடியோக்களில், கையிலிருந்த பழைய குறிப்பு பிரிட்டிஷ் கணக்கில். டபுள் என்று படித்து நெட்டைக் கண்ணாகப் போட்டுவிட்டேன். அந்தப் பட்டை ஜவ்வு மிட்டாய் மாதிரி நீண்டு நீண்டு, மூன்றே மாதத்தில் துண்டின் நுனி தரையைத் தொடப் பார்த்தது. பட்டைக்குக் குட்டையான இறுக்கப் பின்னல்தான் சரி.

பட்டன் துளையும் நாளாக நாளாகத் தளரும். பட்டனுக்குச் சற்றுச் சிறிதாகவே விட வேண்டும், முதல் வாரம் திட்டிக்கொண்டே மாட்டினாலும் பரவாயில்லை. மரப் பட்டன் ஈரத்தில் கறுத்துவிட்டது, உலோகம் துருப்பிடித்துக் கறை விட்டது. பழைய சட்டையிலிருந்து வெட்டிய சாதாரண நான்கு துளைப் பிளாஸ்டிக் பட்டன் மூன்று வருடமாக அப்படியே இருக்கிறது.

துணி விஷயத்தில் எங்களுக்கு ஒரு வசதி. நாங்கள் இருப்பது ஈரோடு. பக்கத்துக் கரூரிலிருந்துதான் வெளிநாட்டுச் சமையலறைகளுக்குத் துண்டுகள் கப்பலேறுகின்றன. ஏற்றுமதியில் கழித்தவை, சின்னத் தறிக்குறை உள்ளவை, இங்கே மலிவாகக் கிடைக்கும். நாத்தனார் வீட்டு ஓவனில் தொங்குவதும் ஒருவேளை நம்ம ஊர்த் தறியில் வந்ததாக இருக்கலாம். டர்க்கி டவலைவிட, தேன்கூடு மாதிரி கட்டம் கட்டமாக நெய்த துணியே எனக்குப் பிடித்தது. சீக்கிரம் காய்கிறது, குக்கர் மூடியின் கைப்பிடியில் இழை மாட்டி இழுபடுவதும் இல்லை. 50க்கு 70 சென்டிமீட்டர் துண்டைப் பாதியாக வெட்டினால் இரண்டு கிடைக்கும், ஆனால் குட்டை. உயரமான என் கணவர் குனிந்துதான் துடைக்க வேண்டியிருந்தது. வெட்டாமல் இரண்டாக மடித்து, மடிப்பிலேயே பின்னியும் பார்த்தேன். இழை பிரியாது, கனமாக உறிஞ்சும். ஆனால் ஐப்பசி மழையில் உள்மடிப்பு காயாமல் முடைநாற்றம் அடித்து, பின்னலில் கரும்புள்ளி விழுந்தது. மழைக்காலத்தில் இரண்டு நாளைக்கு ஒருமுறை மாற்றுவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

பின்னுவதற்கு முன்பே துண்டையும் நூலையும் ஒருமுறை வெந்நீரில் அலசிவிடுங்கள். இல்லாவிட்டால் முதல் துவைப்பில் துண்டு ஒரு அளவு சுருங்கும், நூல் ஒரு அளவு சுருங்கும். சேரும் இடம் பாவாடைச் சுருக்கம் மாதிரி ஆகிவிடும். புதுத் துண்டு தண்ணீரை உறிஞ்சாமல் தள்ளுவதும் நாலைந்து துவைப்பில் சரியாகும். (அதுவரை பழைய வேட்டித் துணிக்கு நிகர் எதுவுமில்லை என்று அத்தை சொல்லிக்கொண்டே இருப்பார். உண்மைதான்.) வாஷிங் மெஷினில் போடும்போது பட்டனை மாட்டிவிட்டுப் போட வேண்டும், இல்லையென்றால் பட்டை மற்ற துணிகளோடு முறுக்கிக்கொள்ளும். மஞ்சள் கறை சோப்புப் பட்டதும் சிவக்கும், பயப்பட வேண்டாம், நல்ல வெயிலில் இரண்டு நாள் போட்டால் மங்கிவிடும். எண்ணெய்ப் பிசுக்கு மட்டும் பின்னல் கண்களுக்குள் போய்விட்டால் லேசில் வராது. அதனால் தலைக்கு வெள்ளை நூல் வேண்டாம், பாக்கு நிறம் நல்லது.

வாங்கலாமா, செய்யலாமா என்று கேட்டால், பின்னத் தெரிந்தவர்கள் கட்டாயம் செய்யுங்கள், ஒரு மாலை வேலை. அடுப்பிலிருந்து இறக்கும் பிடிதுணி வேண்டுமென்றால் இது உதவாது, பட்டன் கழற்றுவதற்குள் பால் பொங்கிவிடும். கைப்பிடியே இல்லாத வழுவழு மாடுலர் கிச்சன் என்றால் மாட்ட இடமும் இல்லை.

இன்னொன்று, ஆரம்பத்தில் எனக்குத் தெரியாதது. தலையைவிடத் துண்டுதான் முதலில் நைந்து போகிறது. போன மாதம் நான்காவது துண்டு நடுவில் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. பிளாங்கெட் தையலை மட்டும் மெதுவாக வெட்டித் தலையைத் தனியே எடுத்து, புதுத் துண்டின் ஓரத்தில் கண்ணுக்குக் கண் வைத்துத் தைத்தேன். முக்கால் மணி நேரம். கழற்றிய பழையதை அத்தை வாங்கி நான்காகக் கிழித்து, "இதுக்கும் சட்டை போட்றாதே அம்மிணி" என்று அடுப்பு மேடைக்கு வைத்துக்கொண்டார்.