ஹேங் ஆகும் பழைய லேப்டாப்புக்கு குருஷியல் பிஎக்ஸ்500: மலையில் வாங்குவதற்கு முன்

லேப்டாப் அடிக்கடி ஹேங் ஆகிறது என்று ஊட்டியிலோ குன்னூரிலோ எந்த சர்வீஸ் கடை மேசையில் கொண்டுபோய் வைத்தாலும், திறந்து பார்ப்பதற்கு முன்பே "எஸ்எஸ்டி போட்டா சரியாயிடும்" என்பார்கள். எஸ்எஸ்டி என்பது ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும், சுற்றும் தட்டு இல்லாத சேமிப்புக் கருவி. பெரும்பாலும் எடுத்துக் காட்டுவது குருஷியல் பிஎக்ஸ்500 அல்லது அதே தரத்தில் வரும் கிங்ஸ்டன் ஏ400. சொல்வது தவறில்லை. ஹார்ட் டிஸ்க்கோடு வந்த லேப்டாப் என்றால் இதைவிடப் பலன் தரும் ஒரே செலவு வேறு கிடையாது. ஆனால் ஹேங் ஆவது ஹார்ட் டிஸ்க்கால்தானா என்று பார்க்காமல் போட்டால், புது எஸ்எஸ்டியிலும் அதே ஹேங் தொடரும். மலையில் இது கொஞ்சம் அதிகமாகவே நடக்கிறது.

முதலில் பொருள். 2.5 அங்குல சாட்டா (லேப்டாப் ஹார்ட் டிஸ்க் மாட்டும் அதே வகை இணைப்பு) எஸ்எஸ்டி, 7 மில்லிமீட்டர் தடிமன். 240 ஜிபி, 480 ஜிபி, 1 டிபி, 2 டிபி என்று வருகிறது. பெட்டியில் போட்டிருப்பது படிக்க நொடிக்கு 540 எம்பி, எழுத 500 எம்பி. வாரண்டி 3 வருடம். எழுதும் ஆயுள், அதாவது மொத்தமாக எவ்வளவு எழுதலாம் என்ற அளவு, 240 ஜிபிக்கு 80 டிபி, 480 ஜிபிக்கு 120 டிபி. தினமும் 20 ஜிபி எழுதினாலும் 80 டிபி தீரப் பத்து வருடத்துக்கு மேல் ஆகும். ஆயுளை நினைத்துப் பயப்படுகிறவர்கள் இந்தக் கணக்கோடு அதை விட்டுவிடலாம். விலை குறைவாக இருக்க ஒரு காரணம், இதில் தனி டிரேம் சிப் (எது எங்கே இருக்கிறது என்ற குறிப்பை வைத்துக்கொள்ளும் வேக நினைவகம்) கிடையாது. விலைக் குறைவின் விளைவு பின்னால் வருகிறது.

ஹார்ட் டிஸ்க் ஏன் உறைந்து நிற்கிறது? லேப்டாப்பில் வரும் 5400 ஆர்பிஎம் டிஸ்க்கில் தட்டு ஒரு பாதிச் சுற்று வரவே 5.5 மில்லிசெகண்ட் ஆகும். அதோடு ஊசி நகரும் நேரமும் சேர்ந்தால் ஒரு சின்ன ஃபைலைத் தேடி எடுக்க 15 மில்லிசெகண்டுக்கு மேல். நொடிக்கு அறுபது எழுபது தேடலோடு அதன் சக்தி முடிந்தது. விண்டோஸ் அப்டேட், டிஃபெண்டர் ஸ்கேன், தேடல் இண்டெக்ஸ் மூன்றும் ஒன்றாகக் கிளம்பினால் ஆயிரக்கணக்கான தேடல்கள் வரிசையில் நிற்கும். நீங்கள் அழுத்திய கிளிக் அந்த வரிசையின் கடைசியில். 1 டிபி மெல்லிய டிஸ்க்குகள் பலவற்றில் எஸ்எம்ஆர் என்ற முறையில் தடங்களை ஒன்றன்மேல் ஒன்று படியும்படி எழுதுவதால், தொடர்ந்து எழுதும்போது நிலைமை இன்னும் மோசம். எஸ்எஸ்டியில் இதே தேடலுக்கு ஏறக்குறைய 0.1 மில்லிசெகண்ட். ஹேங் நிற்பது இந்த வித்தியாசத்தால்தான். பெட்டியில் உள்ள 540-ஆல் அல்ல. பழைய சாட்டா 2 லேப்டாப்பில் வேகம் பாதிதான் வரும், ஆனாலும் பயன்படுத்துகிறவருக்கு அது தெரியவே தெரியாது.

சரி, உங்கள் லேப்டாப்பின் ஹேங் எந்த வகை? உறைந்து நிற்கும்போது கேப்ஸ் லாக் பட்டனை இரண்டு மூன்று முறை தட்டுங்கள். விளக்கு எரிந்து அணைந்தால், மவுஸும் நகர்ந்தால், சிஸ்டம் உயிரோடுதான் இருக்கிறது, எதற்கோ காத்திருக்கிறது. அரை நிமிடம் கழித்து நீங்கள் அழுத்தியதெல்லாம் மொத்தமாகத் திறந்தால் சந்தேகமே வேண்டாம், டிஸ்க்தான். டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் டிஸ்க்கைப் பாருங்கள். 100 சதவீதம் என்று காட்டும், ஆனால் வேகம் 1 எம்பி, 2 எம்பி என்று இருக்கும். சராசரி பதில் நேரம் 500 மில்லிசெகண்டைத் தாண்டி நிற்கும். இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் எஸ்எஸ்டிக்குக் கண்ணை மூடிக்கொண்டு காசு கொடுக்கலாம்.

கேப்ஸ் லாக் விளக்கு மாறவே இல்லை, மவுஸும் அசையவில்லை, ஓடிக்கொண்டிருந்த பாட்டு ஒரே எழுத்தில் சிக்கி "டர்ர்ர்" என்று இழுக்கிறது என்றால் கதை வேறு. ரேம், கிராஃபிக்ஸ் டிரைவர், மின்சாரம், போர்டு இவற்றில் ஒன்று. எஸ்எஸ்டி அதைத் தொடக்கூட செய்யாது.

இரண்டு இடத்தில் ஆதாரம் கிடைக்கும். ஒன்று, விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவென்ட் வியூவர்; அதில் விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் சிஸ்டம். ஹேங் ஆன நேரத்தில் 'டிஸ்க்' என்ற பெயரில் 7 அல்லது 153 எண் இருந்தால் டிஸ்க்கில் படிக்கமுடியாத இடம் இருக்கிறது, அல்லது திரும்பத் திரும்ப முயன்றிருக்கிறது. 129 இருந்தால் டிஸ்க் பதில் சொல்லாததால் விண்டோஸ் அதை ரீசெட் செய்திருக்கிறது. 41 மட்டும் இருந்தால் சிஸ்டம் ஒழுங்காக அணையவில்லை என்றுதான் அர்த்தம், அதை வைத்து யாரையும் குற்றம் சொல்ல முடியாது. பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தாலும் அதுதான் விழும். அடுத்து கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ. டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் மென்பொருள், இலவசம். அதில் கெட்டுப்போன இடங்களை எண்ணிக் காட்டும் 05, சி5, சி6 வரிசைகளின் கடைசிக் கட்டம் பூஜ்யமாக இருக்க வேண்டும். சி5 ஏறியிருந்தால் அன்றைக்கே போட்டோக்களை வேறு இடத்துக்கு மாற்றிவிடுங்கள், மற்றதெல்லாம் அப்புறம். சி7 மட்டும் ஏறிக்கொண்டே போனால் தவறு டிஸ்க்கில் இல்லை, அது மாட்டியிருக்கும் கேபிளில் அல்லது கனெக்டரில். கழற்றி இறுக்கி மாட்டினால் பல நேரம் நின்றுவிடும். எண்கள் ஹெக்ஸில் (பதினாறு அடிமானத்தில்) காட்டும். செட்டிங்கில் பத்து அடிமான எண்ணாக மாற்றிக்கொள்ளலாம்.

மலைக்கென்றே உள்ள காரணங்களில் முதலாவது ஈரம். தேவாலா, கூடலூர் பக்கம் தென்மேற்குப் பருவமழையிலும், குன்னூர், கோத்தகிரி பக்கம் ஐப்பசி கார்த்திகையிலும் வாரக்கணக்கில் துணியே காயாது. அந்த ஈரம் ரேமின் தங்கநிறக் கால்களில் மெல்லிய படலமாக ஏறும். மழைக்காலத்தில் மட்டும் ஹேங் ஆகி, வெயில் வந்தால் தானாகச் சரியாகும் லேப்டாப்பில் முதலில் பார்க்க வேண்டியது ரேம் ஸ்லாட்டைத்தான். சார்ஜரையும் பேட்டரியையும் கழற்றிவிட்டு, ரேமை எடுத்து, கால்களை வெள்ளை ரப்பரால் ஒரே திசையில் தேய்த்து, ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்து, காய்ந்தபின் மாட்டுங்கள். ஸ்லாட்டை வாயால் ஊதாதீர்கள், ஈரத்தை எடுக்கப்போய் எச்சிலை விடுவதுதான் மிச்சம். பிறகு ரேமைச் சோதிக்கும் மென்பொருளான மெம்டெஸ்ட்86 ஒரு இரவு ஓடட்டும். ஒரே ஒரு சிவப்பு வரி வந்தாலும் ரேமை மாற்ற வேண்டியதுதான். நான்காம் தலைமுறை இன்டெல் லேப்டாப்பாக இருந்தால் 1.35 வோல்ட் டிடிஆர்3எல் என்று கேட்டு வாங்குங்கள், 1.5 வோல்ட் சாதா டிடிஆர்3 அதில் ஒத்துவராது.

இரண்டாவது சூடு. குளிர்ப் பிரதேசத்தில் என்ன சூடு என்று சிரிக்கிறவர்கள் ஃபேனைக் கழற்றிப் பார்த்ததில்லை. கம்பளிப் போர்வைமேல் வைத்து வேலை செய்யும் லேப்டாப்பில், ஃபேனுக்கும் செம்புத் தகடுக்கும் நடுவே கம்பளி நூலும் தூசியும் சேர்ந்து சாம்பல் நிறத்தில் ஒரு திண்டு உருவாகியிருக்கும். அதை விரலால் அப்படியே முழுசாக உரித்து எடுக்கலாம். 2,240 மீட்டர் உயரத்தில் ஊட்டிக் காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். மெல்லிய காற்று சூட்டைக் குறைவாகத்தான் அள்ளிக்கொண்டு போகும். அறைக் குளிர் அதை ஈடுகட்டிவிடுகிறது; வழி அடைபடாத வரைக்கும். சூட்டைக் காட்டும் ஹெச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளில் பிராசஸர் 95 டிகிரியைத் தாண்டுகிறது, ஃபேன் இரைகிறது, இருபது நிமிடத்துக்குப் பிறகுதான் மந்தமாகிறது என்றால் திண்டை எடுத்துவிட்டுப் பிராசஸரின் சூட்டைத் தகடுக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட்டைப் புதிதாக வைக்க வேண்டும். ஒரு அரிசி அளவு போதும். இதற்கு எஸ்எஸ்டி வாங்கினால் வீண்.

மூன்றாவது எர்த். சார்ஜர் மாட்டியிருக்கும்போது மட்டும் கர்சர் தானாகத் துள்ளுகிறது, உலோக உடலைத் தொட்டால் லேசாகச் சுரீர் என்கிறது என்றால் சுவரில் உள்ள மூன்றாவது துளைக்கு வயரே வரவில்லை என்று பொருள். பழைய லைன் வீடுகளில் இது சாதாரணம். எலெக்ட்ரீஷியன் வேலை அது.

இத்தனையும் கழித்து, டிஸ்க்தான் என்று முடிவானால் பிஎக்ஸ்500 போடுங்கள். 2011-ல் தொடங்கிய அரசின் இலவச லேப்டாப் திட்டத்தில் மாணவர்களுக்கு வந்த பழைய மெஷின்கள் இன்னும் வீட்டுக்கு வீடு இருக்கின்றன. ஹார்ட் டிஸ்க்கோடு வந்த அவற்றுக்கு இது பொருத்தமான வைத்தியம். மாட்டும் வேலை அரை மணி நேரம். மார்கழி, தை உறைபனிக் காலத்தில் காற்று வறண்டிருக்கும். கம்பளி ஸ்வெட்டரைக் கழற்றி வைத்துவிட்டு, ஒரு இரும்புச் சாமானைத் தொட்டுவிட்டு உட்காருங்கள், இல்லாவிட்டால் நிலைமின்சாரம் போர்டைத் தீர்த்துவிடும். வெளியே குளிரில் இருந்து வந்த லேப்டாப் என்றால் அறைச் சூட்டுக்கு வரும்வரை பையிலேயே கிடக்கட்டும். பழைய டிஸ்க்கைச் சட்டத்தோடு எடுத்து, பக்கவாட்டு நான்கு எம்3 திருகுகளைக் கழற்றி, எஸ்எஸ்டியை அதே சட்டத்தில் வையுங்கள். பழைய டிஸ்க் 9.5 மில்லிமீட்டராக இருந்தால் மீதி இரண்டரை மில்லிமீட்டருக்கு அடியில் ஒரு ஃபோம் துண்டு வேண்டும். ஆட விட்டால் கனெக்டர் தளர்ந்து சி7 ஏற ஆரம்பிக்கும், ஹேங்கும் திரும்ப வரும்.

விண்டோஸை அப்படியே காப்பி எடுப்பதா, புதிதாகப் போடுவதா? சி5 பூஜ்யமாக இருந்தால், யுஎஸ்பி-சாட்டா கேபிள் ஒன்று வாங்கி, குருஷியல் தரும் இலவச அக்ரோனிஸ் மென்பொருளில் குளோன் (அப்படியே காப்பி) செய்யலாம். 500 ஜிபியிலிருந்து 240-க்கு என்றால் முதலில் உள்ளே இருப்பதை 200-க்குக் கீழே குறைக்க வேண்டும். சி5 ஏறியிருந்தால் குளோன் பாதியில் நிற்கும், அல்லது கெட்ட ஃபைல்களையும் சேர்த்துக் கொண்டுவரும். அப்போது 8 ஜிபி பென் டிரைவில் புதிதாகப் போடுவதே மேல். விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. எட்டாம் தலைமுறைக்குக் கீழ் உள்ள இன்டெலில் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. டைப்பிங், பிரவுசர், ஆன்லைன் விண்ணப்பம் இவ்வளவுதான் வேலை என்றால் விண்டோஸுக்குப் பதிலாக இலவசமான லினக்ஸ் மின்ட் போட்டுவிட்டால் 4 ஜிபி ரேமிலும் மூச்சு விடும்.

போட்ட பிறகு வரும் குறைகள் மூன்று. முதலாவது, சில லேப்டாப்புகளில் சும்மா இருக்கும்போது அரை நிமிடம் உறைந்து, ஈவென்ட் வியூவரில் 129 விழும். எஸ்எஸ்டி கெட்டுவிட்டது என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள். சாட்டா இணைப்பைத் தூங்கவைக்கும் மின்சேமிப்பு வசதி செய்யும் வேலை அது. டிவைஸ் மேனேஜரில் இன்டெல் கன்ட்ரோலர் டிரைவரை மைக்ரோசாஃப்டின் ஸ்டாண்டர்ட் சாட்டா ஏஹெச்சிஐ டிரைவராக மாற்றினால் பெரும்பாலும் நின்றுவிடும். இரண்டாவது, விலை குறைவானதன் பலன். பெரிய வீடியோ ஃபோல்டரை ஏற்றும்போது முதல் சில ஜிபி பறக்கும், முதலில் எழுதி வைக்கும் வேகமான பகுதி (கேஷ்) நிறைந்ததும் ஹார்ட் டிஸ்க் வேகத்துக்கே இறங்கிவிடும். கல்யாண வீடியோ எடிட் செய்கிற ஸ்டுடியோக்காரர்கள் இதை வாங்க வேண்டாம். மூன்றாவது, முக்கால் பங்குக்கு மேல் நிரப்பினால் மந்தமாகும். 240-ல் விண்டோஸும் அதன் அப்டேட்டும் போக மிஞ்சுவது கொஞ்சம்தான், அதனால் முடிந்தவர்கள் 480 எடுங்கள்.

ஒரு எச்சரிக்கை: பேட்டரி செத்துப்போய் சார்ஜரிலேயே ஓடும் லேப்டாப்பில் கரண்ட் போகும் ஒவ்வொரு முறையும் ஃபைல் சிஸ்டம் (ஃபைல்களை ஒழுங்குபடுத்தி வைக்கும் அமைப்பு) அடிபடலாம். காற்று மழையில் மரம் விழுந்து லைன் அறுவது மலையில் புதிதல்ல. முதலில் பேட்டரி, பிறகு எஸ்எஸ்டி. குருஷியல் மென்பொருளில் மொமென்டம் கேஷ் என்று ஒன்று இருக்கும். எழுத வேண்டியதை ரேமில் நிறுத்திவைக்கும் வசதி அது. கரண்ட் நம்பிக்கையில்லாத இடத்தில் ஆன் செய்யாதீர்கள்.

குளிரையும் மலைப்பாதையையும் பொறுத்தவரை ஹார்ட் டிஸ்க்கைவிட இது பல மடங்கு மேல். சுற்றும் தட்டு இல்லாததால் தை மாதக் காலையில் தடுமாறிச் சுழல வேண்டியதில்லை. ஸ்லீப்பில் போட்ட லேப்டாப் பைக்குள் விழித்துக்கொண்டு, கல்லட்டி மலைப்பாதையின் 36 வளைவுகளிலும் குலுங்கினாலும் எஸ்எஸ்டிக்கு ஒன்றும் ஆகாது. ஹார்ட் டிஸ்க்குக்கு ஊசி தட்டில் இடிக்கும் ஆபத்து உண்டு.

வாங்கும்போது கவனிக்க வேண்டியது: குருஷியல் பெயரில் பொதுமக்களுக்கு விற்பதை நிறுத்துவதாக அதன் தாய் நிறுவனமான மைக்ரான் 2025 டிசம்பரில் அறிவித்துவிட்டது, 2026 பிப்ரவரி வரை மட்டும் சப்ளை என்று சொன்னது. வாரண்டி தொடரும் என்றும் சொல்லியிருக்கிறது. ஆகவே கடையில் இருப்பது பழைய சரக்கு. பில்லில் சீரியல் எண் எழுதி வாங்குங்கள், சந்தை விலையைவிட ரொம்பக் குறைவாகக் கிடைத்தால் போலி என்றே எடுத்துக்கொள்ளுங்கள். மாட்டியவுடன் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவில் ஓடிய மணிநேரம் ஒற்றை இலக்கத்தில் இருக்கிறதா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள். பிஎக்ஸ்500 கிடைக்காவிட்டால் ஏ400 போதும், ஹேங் விஷயத்தில் இரண்டுக்கும் கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் இல்லை.

கழற்றிய பழைய டிஸ்க் சி5 பூஜ்யமாக இருந்தால் ஒரு யுஎஸ்பி பெட்டியில் போட்டு பேக்கப்புக்கு வைத்துக்கொள்ளலாம், கூடவே ஒரு சிலிகா ஜெல் பாக்கெட். சி5 ஏறியதாக இருந்தால் அதில் எதையும் நம்பி வைக்காதீர்கள்.