தினசரி உடுத்த எந்தக் குர்தி? என் பல வருட அனுபவம்

அலுவலகத்துக்குப் பல வருடங்களாகக் குர்திதான் உடுத்துகிறேன். சென்னை வெயிலில், மின்சார ரயில் நெரிசலில், தோளில் கனமான பையோடு தினமும் போய்வரும் உடம்புக்கு அது ஒத்துழைக்க வேண்டும். இரண்டாவது கோடையிலும் அலமாரியைத் திறந்ததும் கை தானாக அதை எடுக்க வேண்டும். நான் பார்ப்பது இவ்வளவுதான்.

கடைகளில் அதிகம் தொங்குவது ஸ்ட்ரைட் கட். பார்க்க நேர்த்தியாக இருக்கும், எந்த பேண்டோடும் சேரும். ஆனால் ரெடிமேடில் அக்குள் பகுதியை இறுக்கமாக வெட்டிவிடுகிறார்கள். ரயிலில் கைப்பிடியைப் பிடிக்கக் கையைத் தூக்கினால் முழு டாப்ஸும் மேலே ஏறுகிறது. சில மாதங்களில் அங்கேதான் முதலில் தையல் விடும். அடுத்தது சைடு ஓப்பன் தொடங்கும் முனை. படியேறும்போதெல்லாம் இழுபடுவது அந்த இடம்தான். அதனால் புதிதாக வாங்கும் எதையும் முதலில் டெய்லரிடம் கொடுத்து, அந்த முனையில் குறுக்காக இரண்டு தையல் போட்டு வாங்கிக்கொள்கிறேன். அதற்கப்புறம் அங்கே பிரிந்ததே இல்லை.

இந்த அக்குள் தொல்லைக்கு வட இந்தியாவின் பழைய கலிதார் குர்தாவிலேயே தீர்வு இருக்கிறது. நடுவில் ஒரே நேரான துண்டு. இரண்டு பக்கமும் கீழே போகப் போக அகலும் முக்கோணத் துண்டுகள், இவைதான் கலி. அக்குளில் தனியாக ஒரு சிறு சதுரத் துண்டைச் சாய்த்து வைத்துத் தைப்பார்கள். கை எவ்வளவு உயர்ந்தாலும் உடம்புப் பகுதி அசையாது, வியர்வையிலும் துணி ஒட்டி இழுக்காது. என் டெய்லர் முதல் முறை, "எதுக்கும்மா அங்க ஒட்டு?" என்று தயங்கினார். வரைந்து காட்டியதும் அருமையாகத் தைத்துக் கொடுத்தார். அதன் பிறகு தினசரிக்கு நான் தைப்பதெல்லாம் இந்த வெட்டுதான்.

கீழே குடைபோல் விரியும் அனார்கலி கல்யாணத்துக்குச் சரி. அந்த அகலக் குடையோடு ஸ்கூட்டரில் ஏறவே கூடாது, சக்கரத்தில் சிக்கினால் பெரிய ஆபத்து.

என் அலமாரியில் நான் மிகவும் நேசிப்பது லக்னோ சிக்கன்காரி. மரஅச்சால் துணியில் கோலத்தைப் பதித்து, அதன் மேல் கையால் தைத்து, கடைசியில் அலசி அச்சுச் சாயத்தைப் போக்குகிறார்கள். பக்கியா என்ற தையலை உள்பக்கத்திலிருந்து போடுவார்கள். நூல் பின்னால் குறுக்கும் நெடுக்குமாக ஓட, வெளியே அதன் நிழல் மட்டும் மென்மையாகத் தெரியும். அதனால் வாங்கும்போது உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். கைவேலையில் முடிச்சுகளும் சிறு ஏற்ற இறக்கங்களும் இருக்கும், மிஷின் வேலை ஒரே அளவாக நெருக்கமாக ஓடும். அரிசிமணி போலிருக்கும் முர்ரி முடிச்சு தோளில் வரும் டிசைனைத் தினசரிக்கு எடுக்காதீர்கள். பை வார் உரசி அந்த நூல்தான் முதலில் பிசிறடிக்கிறது. மெல்லிய துணி என்பதால் உள்ளே பருத்தி ஸ்லிப் அவசியம். கையால்தான் துவைக்க வேண்டும், முறுக்கிப் பிழியக் கூடாது. இவ்வளவு பார்த்துக்கொண்டால் ஏப்ரல், மே மாதங்களில் இதற்கு ஈடே கிடையாது.

குஜராத்தின் கட்ச் பகுதியில் மரஅச்சால் அச்சிடும் அஜ்ரக் துணி உழைப்புக்கு ஏற்றது. 2001 நிலநடுக்கத்துக்குப் பிறகு தமட்கா கிராமத்தில் தண்ணீரின் தன்மை மாறிவிட, அச்சுக் கலைஞர்கள் பலர் புஜ் அருகே அஜ்ரக்பூரை உருவாக்கிக் குடியேறினார்கள். சாயம் பிடிப்பது தண்ணீரைப் பொறுத்தது, ஊரையே மாற்றும் அளவுக்கு. அவுரி நீலம் ஆரம்பத்தில் கொஞ்சம் இறங்கும், தனியாக அலசி நிழலில் காயவைத்தால் போதும். கறையும் அழுக்கும் அந்த அடர் நிறத்தில் தெரியாது.

ரேயான் குர்திகளை இப்போது வாங்குவதில்லை. தொட்டால் வழுவழுப்பாக, அழகாகத் தொங்கும். ஆனால் அந்த நூலுக்கு ஈரத்தில் பலம் குறைவு. நனைந்த கனத்தோடு கொடியில் தொங்கவிட்டால் நீண்டு, தையல் ஓரம் கோணலாகிவிடுகிறது. அதே பணத்தில் மங்களகிரி பருத்தி எடுக்கலாம். நெருக்கமான நெசவு, துவைக்கத் துவைக்க மிருதுவாகும், கரையைக் கழுத்துக்கும் கைக்கும் வைத்துக்கொள்ளலாம்.

ஒரு விஷயம், பாக்கெட். கலிதாரில் நடுத்துண்டும் கலியும் சேரும் தையலிலேயே அதை மறைத்து வைக்கலாம், போன் போட்டாலும் துணி ஒருபக்கம் இழுக்காது. கலிக்கும் பாக்கெட்டுக்கும் சேர்த்து நான் மூன்று மீட்டர் எடுக்கிறேன். பருத்தியாக இருந்தால் வெட்டுவதற்கு முன் ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்துச் சுருங்கவிட்டுத்தான் டெய்லரிடம் கொடுப்பேன்.