பட்டியலா, பிளே-ஆஃபா?

இங்கிலாந்து ரக்பியின் இரண்டாம் பிரிவான சாம்பியன்ஷிப்பில் மேல் பிரிவுக்கு யார் போவது என்பதை முடிவு செய்ய இரண்டு முறைகள் இருந்தன. 2017 வரை பிளே-ஆஃப், அதாவது சீசன் முடிந்தபின் பட்டியலின் முன்னணி அணிகள் மோதும் நாக்-அவுட் ஆட்டங்கள்; அடுத்த சில சீசன்களில் நேராகப் புள்ளிப்பட்டியல்.

2014-15 சீசனை எடுத்துக்கொள்ளுங்கள். 22 ஆட்டங்கள் ஆடி பிரிஸ்டல் முதலிடம் பிடித்தது. பிளே-ஆஃப் இறுதிப்போட்டியில் எதிரணி வூஸ்டர்; இரண்டு ஆட்டங்கள், இரண்டின் புள்ளிகளையும் கூட்டித்தான் முடிவு. சிக்ஸ்வேஸ் மைதானத்தில் நடந்த இரண்டாம் ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில் வூஸ்டரின் கிறிஸ் பென்னெல் ட்ரை வைத்தார், அதாவது எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் ஊன்றினார். ட்ரைக்குப் பின் கிடைக்கும் கூடுதல் உதையில் அதே அணியின் ரயன் லாம்ப் உதைத்த பந்து கம்பங்களுக்கு நடுவே பாய்ந்தது. மொத்தம் 59-58. வூஸ்டர் மேலே போனது.

பார்ப்பவர்களுக்கு இதைவிடப் பெரிய விருந்து கிடையாது. ஆனால் எட்டு மாத உழைப்பை ஒரே ஒரு புள்ளி அடித்துப்போடுவது எனக்கு அநியாயமாகவே படுகிறது.

2017-18இல் பிளே-ஆஃப் இல்லை. பட்டியலில் முதலிடம் பிடித்த பிரிஸ்டல் நேராக மேலே ஏறியது. பரபரப்பு குறைவுதான், என் ஓட்டு இதற்கே.